குதிகால், விரல், முழங்கால்: சொரியாசிஸ் மூட்டுவாதம் உள்ள ஒருவருக்கு வீட்டுப் பயிற்சி அமைத்த நிகழ்வு ஆய்வு

சொரியாசிஸ் என்ற தோல் நோயோடு சேர்ந்து வரும் மூட்டு அழற்சிதான் சொரியாசிஸ் மூட்டுவாதம். அது உள்ள ஒரு பெண் வீட்டில் தானாக உடற்பயிற்சி தொடங்கினார். வலி கூடியதும் முழுதாக நிறுத்திவிட்டார். பிறகு வேறு விதமாகத் திரும்பத் தொடங்கினார். அந்த ஆறு மாதங்களின் பதிவு இது. அவருக்குப் பயிற்சி அமைத்துக் கொடுத்த பிசியோதெரபிஸ்ட் என்ற முறையில், அவர் சம்மதத்துடன் எழுதுகிறேன். அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன. திட்டத்தை அப்படியே எடுத்து இன்னொருவர் செய்யக் கூடாது. எந்த இடத்தில் எந்த முடிவு எடுத்தோம், ஏன் எடுத்தோம் என்பதைத்தான் வாசிப்பவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பின்னணி

அவருக்கு வயது 43. கணக்கு எழுதும் வேலை, பெரும்பாலும் நாற்காலியில்தான். 12 ஆண்டுகளாகத் தோலில் சொரியாசிஸ் இருக்கிறது. இரண்டு முழங்கைகள், முழங்கால்களின் முன்பக்கம், தலையில் முடி தொடங்கும் ஓரம் ஆகிய இடங்களில் செதில் படைகள். நகங்களில் ஊசியால் குத்தியது போன்ற சின்னச் சின்னக் குழிகள்.

சொரியாசிஸ் உள்ளவர்களில் நூற்றுக்கு 30 பேருக்கு வரை மூட்டுவாதம் வரலாம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. பெரும்பாலும் தோல் முதலில், சுமார் பத்து ஆண்டுகள் கழித்து மூட்டு என்ற வரிசையில் வரும். நகத்தில் மாற்றம் இருப்பவர்களுக்கு அந்த வாய்ப்பு இன்னும் அதிகம். இவருக்கும் அந்த வரிசைதான். ஆனால் அதைச் சேர்த்துப் பார்க்க நாளாகிவிட்டது. முதலில் வலது குதிகாலில் வலி வந்தது. செருப்பு சரியில்லை என்று மாற்றினார். அடுத்த ஆண்டு இடது கை மோதிர விரல் அடியிலிருந்து நுனிவரை ஒரே சீராக வீங்கியது. எங்கோ இடித்துக்கொண்டிருப்பார் என்று கட்டு போட்டார்கள். ரத்தத்தில் முடக்குவாதத்துக்காகப் பார்க்கும் ருமட்டாய்டு ஃபேக்டர் இல்லை, அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி அளவும் சரியாகவே இருந்தது. அதனால் வாதம் இல்லை என்று நம்பிவிட்டார். இந்த நோயில் ருமட்டாய்டு ஃபேக்டர் பெரும்பாலும் இருக்காது. சி.ஆர்.பி கூடாமலேயே மூட்டு வீங்கியிருப்பவர்களும் நிறைய. கடைசியில் தோல் மருத்துவர்தான் விரலைப் பார்த்துவிட்டு வாதநோய் மருத்துவரிடம் அனுப்பினார்.

நோய் உறுதியானதும் நோய் எதிர்ப்பு மண்டலத்தின் வேகத்தை அடக்கும் மெத்தோட்ரெக்ஸேட் வாரம் ஒருமுறை, கூடவே ஃபோலிக் அமிலம், தேவைப்பட்டால் வலி மாத்திரை என்று சிகிச்சை தொடங்கியது. நான்கு மாதத்தில் தோல் நன்றாகத் தெளிந்தது. மூட்டுகள் ஓரளவு அடங்கின. அப்போது அவருக்குச் சொல்லப்பட்டது: “எக்சர்சைஸ் பண்ணுங்க, வெயிட் குறையணும்.”

வீட்டில் முதலில் நடந்தது

என்ன பயிற்சி, எவ்வளவு, எப்போது என்று யாரும் சொல்லவில்லை. அதனால் கைபேசியில் ஒரு வீடியோவைப் பார்த்துத் தொடங்கினார். அதில் குதித்துக் கை தட்டுவது, முன்கைகளையும் கால்விரல்களையும் ஊன்றி உடலைப் பலகை போல் நிறுத்தும் பிளாங்க், படிக்கட்டின் விளிம்பில் முன்பாதத்தை வைத்துக் குதிகாலைக் கீழே இறக்குவது ஆகியவை இருந்தன. கடைசிப் பயிற்சியைக் குதிகால் வலிக்கு நல்லது என்று தேடித் தானாகவே சேர்த்துக்கொண்டார். வேறு நேரம் கிடைக்காததால் காலை ஐந்தரை மணிக்குச் செய்தார்.

மூன்றாவது வாரத்தில் குதிகால் பின்பக்கம் வீங்கியது. காலை எழுந்து முதல் அடி வைக்கவே சுவரைப் பிடிக்க வேண்டியதாயிற்று. விரலும் திரும்ப வீங்கியது. அன்றோடு எல்லாவற்றையும் நிறுத்தினார். கணவர் வீட்டு வேலைகளையும் எடுத்துக்கொண்டார். இவர் மாடி ஏறுவதைக்கூடத் தவிர்த்தார். ஐந்து மாதங்களில் எடை கூடி 79 கிலோ ஆனது. எங்களிடம் வந்தது அந்த நிலையில்.

பார்த்தபோது கண்டவை

வலது குதிகாலில், தசைநாண் எலும்பில் வந்து ஒட்டும் இடத்தில் அழுத்தினால் கடுமையான வலி. நாணின் நடுப்பகுதியில் வலியே இல்லை. இடது மோதிர விரல் தடித்திருந்தது, முழுதாக மடக்க முடியவில்லை. இடது முழங்காலில் லேசான நீர்க்கட்டு. இடுப்பு, முதுகுப் பகுதியில் காலை விறைப்பு இருந்தாலும் ஸ்கேனில் அழற்சி தெரியவில்லை என்று மருத்துவர் குறித்திருந்தார். காலை விறைப்பு சுமார் ஒன்றரை மணி நேரம்.

நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் 30 விநாடிகளில் எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது என்று பார்த்தோம். 8 முறை. இந்தச் சோதனையில் 60 முதல் 64 வயதுப் பெண்களுக்கே 12க்குக் கீழ் போனால் சராசரிக்குக் குறைவு என்று கணக்கு. வலி மட்டுமே இதற்குக் காரணம் என்று சொல்ல முடியாது. தொடைத் தசைகள் கண்ணுக்குத் தெரியும்படி மெலிந்திருந்தன. நோய் ஒரு பங்கு, அசையாமல் இருந்த மாதங்கள் இன்னொரு பங்கு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்ததுதான் பின்னால் எடுத்த முடிவுகளுக்கு அடிப்படை. அழற்சி உள்ள இடத்துக்கு ஒரு விதி, வலுவிழந்த தசைக்கு வேறு விதி.

வீடியோவில் பார்த்ததைச் செய்து காட்டச் சொன்னேன். குதிப்பதைச் செய்ய வேண்டாம், படிக்கட்டுப் பயிற்சியை நின்று காட்டினால் போதும் என்றேன். குதிகால் படியின் மட்டத்துக்கு நன்றாகக் கீழே போனது. அந்த நிலையில் அவர் முகம் சுருங்கியதைப் பார்த்ததும் காரணம் பாதி விளங்கிவிட்டது.

கணவர் சொன்னதையும் குறித்துக்கொண்டேன்: “வலிக்குதுன்னா எதுக்குச் செய்யணும்னு நான்தான் நிறுத்தச் சொன்னேன் மேடம். அவ கஷ்டப்படுறதைப் பாக்க முடியல.” அன்பினால் சொன்னதுதான். ஆனால் திட்டத்தில் அவருக்கு ஒரு வேலை கொடுக்காமல் விட்டால் வீட்டில் எதுவும் நடக்காது என்பது அப்போதே தெரிந்தது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதலில் வாதநோய் மருத்துவருக்குக் கடிதம். விரலும் முழங்காலும் இன்னும் வீங்கியிருக்கின்றன, குதிகாலில் ஒட்டுமிட அழற்சி தெரிகிறது என்று எழுதினேன். மருந்தின் அளவை அவர் கூட்டினார். அழற்சி கட்டுப்படாத மூட்டைப் பயிற்சியால் மட்டும் சரிசெய்ய முயல்வது வீண். மருந்து அழற்சியை அடக்கும், பயிற்சி தசையையும் அசைவையும் மீட்கும். ஒன்றின் வேலையை இன்னொன்று செய்யாது.

பயிற்சியே வேண்டாமோ என்ற கேள்வி அவருக்கு இருந்தது. அதற்கு நேராகப் பதில் சொன்னேன். இந்த நோய் உள்ளவர்களிடமே செய்த ஆய்வுகள் உண்டு. நார்வேயில் 67 பேரை வைத்துச் செய்த ஆய்வில், இதயத்துடிப்பை நன்றாக ஏற்றி இறக்கும் தீவிரப் பயிற்சியை 11 வாரங்கள் செய்தவர்களுக்கு மூட்டு நோய் கூடவில்லை, களைப்பு குறைந்தது. பிரேசிலில் 41 பேரை வைத்து 12 வாரங்கள் எடைப் பயிற்சி செய்து பார்த்தபோதும் அன்றாடச் செயல்திறன் உயர்ந்தது. அழற்சி வாதநோய் உள்ளவர்களின் சிகிச்சையில் உடற்பயிற்சி ஓர் அங்கமாக இருக்க வேண்டும் என்று ஐரோப்பிய வாதநோய் மருத்துவக் கூட்டமைப்பு 2018ல் பரிந்துரைத்தது. அவருக்குக் கேடு செய்தது பயிற்சி என்பது அல்ல, குறிப்பிட்ட இரண்டு மூன்று அசைவுகள்தான். இதைச் சொன்ன பிறகே மேற்கொண்டு பேச முடிந்தது.

நேரத்தை மாற்றியது அடுத்த முடிவு. காலை ஐந்தரை என்பது இந்த நோயில் உடம்பு மிகவும் விறைத்திருக்கும் நேரம். வலுப் பயிற்சியை அலுவலகம் முடிந்து வந்த மாலைக்குத் தள்ளினோம். காலையில் படுக்கையில் இருந்தபடியே கணுக்காலைச் சுழற்றுவது, முழங்காலை மடக்கி நீட்டுவது, விரல்களை மெதுவாக மடக்குவது, இடுப்பைப் பக்கவாட்டில் உருட்டுவது. பத்து நிமிடங்கள் போதும். பிறகு வெந்நீர்க் குளியல். மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிட்ட மறுநாள் அவருக்கு அசதியாக இருக்கும். அதனால் அந்த நாளில் வலுப் பயிற்சி வைக்கவில்லை.

குதிகாலுக்குத்தான் அதிக நேரம் செலவிட்டோம். சொரியாசிஸ் மூட்டுவாதத்தின் தனிக்குணமே, தசைநாணும், எலும்புகளை ஒன்றோடொன்று இணைக்கும் பந்தகமும் எலும்பில் ஒட்டும் இடங்களைத் தாக்குவது. இழுப்பு விசையெல்லாம் வந்து சேரும் இடம் அது. முளையில் கட்டிய கயிறு நடுவில் தேயாமல் முளையின் விளிம்பில் உரசும் இடத்தில்தான் தேயும். குதிகாலிலும் அப்படித்தான். பாதத்தை மேல்நோக்கி மடக்கும்போது நாண் குதிகால் எலும்பின் மேல்விளிம்பில் அழுந்துகிறது. படிக்கட்டில் குதிகாலைக் கீழே இறக்குவது அந்த அழுத்தத்தை உச்சத்துக்குக் கொண்டுபோகும். நாணின் நடுப்பகுதியில் வலி உள்ளவர்களுக்கு அந்தப் பயிற்சி நல்லதுதான். 1990களின் இறுதியிலிருந்து அவர்களுக்கு அது பரவலாகக் கற்பிக்கப்படுகிறது. ஆனால் ஒட்டுமிடத்தில் நோய் உள்ளவர்களுக்கு அது பொருந்தாது. வீடியோவில் இரண்டுக்கும் வேறுபாடு சொல்லப்படவில்லை.

அதனால் இப்படி மாற்றினோம். சமதளத்தில் மட்டும். குதிகாலுக்கு அடியில் சிறிய உயர்வு உள்ள ஷூ, வீட்டுக்குள்ளும். சுவரைப் பிடித்துக்கொண்டு இரண்டு குதிகால்களையும் கொஞ்சம் உயர்த்தி, அசையாமல் 30 விநாடிகள் நிற்க வேண்டும். நான்கு முறை, இடையில் ஒரு நிமிட ஓய்வு. ஓரிரு வாரம் வலி கூடாமல் போனால் 45 விநாடிகள். அதன் பிறகே மெதுவாக ஏறி இறங்குவது, அப்போதும் தரை மட்டத்துக்குக் கீழே போகக் கூடாது. கெண்டைக்காலை இழுத்து நீட்டும் பயிற்சியை முதல் மூன்று மாதங்களுக்கு வேண்டாம் என்றேன். குதிகால் வலி என்றால் முதலில் இழுத்து நீட்டு என்பது எல்லோருக்கும் பழகிப்போன அறிவுரை. இங்கே அதே அழுத்தம்தான் திரும்ப வரும்.

விரலுக்கு, எதையும் இறுக்கிப் பிடிக்காமல் கைக்கும் தோளுக்கும் வேலை கொடுக்க வேண்டியிருந்தது. வீங்கிய விரலோடு டம்பெல் பிடித்தால் விரல்தான் முதலில் களைக்கும், தோளுக்குப் பயிற்சியே கிடைக்காது. எலாஸ்டிக் பேண்டை உள்ளங்கையில் சுற்றாமல் முன்கையில் மாட்டி இழுக்கச் சொன்னோம். தரையில் பிளாங்க் போடுவதற்குப் பதில் சுவரில் முன்கைகளை ஊன்றிச் சாய்ந்து நிற்பது. முழங்காலில் செதில்கள் இருந்ததால் மண்டியிடும் பயிற்சி எதுவும் சேர்க்கவில்லை.

கால்களுக்கு வாரத்தில் இரண்டு நாள் வலுப் பயிற்சி. கொஞ்சம் உயரமான நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, மல்லாந்து படுத்து இடுப்பை உயர்த்துவது, ஒருக்களித்துப் படுத்து மேல்காலைத் தூக்குவது. பத்துக்கு ஐந்து ஆறு என்று சொல்லும் அளவு சிரமம் இருக்க வேண்டும், அதற்கு மேல் வேண்டாம். அப்புறம், நடை. ஒரேயடியாக அரை மணி நேரம் நடக்காமல், பத்து பத்து நிமிடங்களாகப் பிரித்தோம். நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், பாட முடியாத அளவு மூச்சு வாங்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல் வாரம் 150 நிமிட மிதமான உழைப்பைச் சொல்கிறது. அது எட்ட வேண்டிய இடம், முதல் வாரத்தில் அதைப் பேசவே இல்லை.

மூன்று தாள்கள்

எல்லாவற்றையும் விட முக்கியம் என்று நான் கருதுவது இது. இந்த நோய் ஒரே சீராக இருக்காது. நேற்று மாடி ஏறியவர் இன்று பல் துலக்கச் சிரமப்படுவார். ஒரே ஒரு அட்டவணை கொடுத்தால், கெட்ட நாளில் அதைச் செய்ய முடியாது, செய்யாமல் போனால் விட்டுப்போகும், விட்டது திரும்ப வராது. அவர் முன்பு ஐந்து மாதம் இழந்தது இப்படித்தான்.

அதனால் மூன்று தாள்கள் எழுதிக் கொடுத்தோம்: நல்ல நாள், நடு நாள், கெட்ட நாள். எது இன்றைக்கு என்பதைக் காலையில் இரண்டு கேள்விகள் தீர்மானிக்கும். விறைப்பு ஒரு மணி நேரத்தைத் தாண்டியதா? புதிதாக ஏதாவது மூட்டு வீங்கியதா, அல்லது பழைய வீக்கம் நேற்றைவிடக் கூடியதா? இரண்டுக்கும் ‘இல்லை’ என்றால் நல்ல நாள், முழுப் பயிற்சி. ஒன்றுக்கு ‘ஆமாம்’ என்றால் நடு நாள். அன்று நடையும் பாதி எண்ணிக்கையில் கால் பயிற்சியும், வீங்கிய மூட்டுக்கு மட்டும் விலக்கு. இரண்டுக்கும் ‘ஆமாம்’ என்றால் கெட்ட நாள். படுக்கையிலேயே எல்லா மூட்டுகளையும் வலி அனுமதிக்கும் எல்லைவரை ஒருமுறை அசைப்பது, தொடையை அசைக்காமல் இறுக்கி ஐந்து விநாடி பிடித்து விடுவது, வீட்டுக்குள் சில நிமிட நடை. அவ்வளவுதான். ஆனால் அதுவும் பயிற்சிதான், அதற்கும் தாளில் குறியிட இடம் உண்டு.

அளவு மீறியதா என்று பார்க்கப் பழைய விதி ஒன்று. பயிற்சி முடிந்து இரண்டு மணி நேரம் ஆன பிறகும் மூட்டுவலி தொடங்கும் முன் இருந்ததைவிடக் கூடுதலாக இருந்தால், அடுத்த முறை குறைக்க வேண்டும். தசை வலி ஒரு நாள் இருப்பது இயல்பு. மூட்டு சூடாகி வீங்குவது இயல்பில்லை. இந்த இரண்டையும் தொட்டுப் பார்த்துப் பிரிக்கக் கற்றுக்கொடுத்தோம்.

காலையில் இரண்டு கேள்விகளையும் கேட்டுத் தாளை எடுத்துக் கொடுப்பது கணவரின் பொறுப்பு. “செய்யாதே” என்று சொல்லிவந்தவர் “இன்னைக்கு எந்தத் தாள்?” என்று கேட்பவராக மாறினார்.

எப்போது தாளை ஓரம் வைத்துவிட்டு மருத்துவரை அழைக்க வேண்டும் என்பதையும் தனியாக எழுதினோம். ஒரே ஒரு மூட்டு திடீரெனச் சூடாகி வீங்கி, கூடவே காய்ச்சல் வந்தால். கண் சிவந்து வலித்து வெளிச்சம் பார்க்க முடியாமல் போனால். இந்த நோயில் கண்ணுக்குள் அழற்சி வரக்கூடும், அதை அன்றே காட்ட வேண்டும். மார்பு வலியோ, வழக்கத்துக்கு மாறான மூச்சுத் திணறலோ வந்தால்.

முதல் ஆறு வாரங்கள்

முதல் மூன்று வாரங்கள் அமைதியாகப் போயின. பெரும்பாலும் நடு நாள் தாள்தான். நான்காவது வாரத்தில் தொடர்ந்து பல நல்ல நாட்கள் வந்தன. அந்த உற்சாகத்தில் ஒரு மாலை எழுந்து உட்காரும் பயிற்சியை எழுதியிருந்ததைப் போல் இருமடங்கு செய்தார். மறுநாள் முழங்காலில் நீர் கூடியது. கெட்ட நாளில் எவ்வளவு குறைக்க வேண்டும் என்பது போல, நல்ல நாளில் எங்கே நிறுத்த வேண்டும் என்பதும் இந்த நோயில் முக்கியம். நல்ல நாள் தாளில் ஒவ்வொரு பயிற்சிக்கும் எதிரில் “இதற்கு மேல் இன்று வேண்டாம்” என்று ஓர் எண்ணைச் சேர்த்தோம். வாரத்துக்கு ஒரு பயிற்சியில் மட்டும் அந்த எண்ணைச் சிறிது உயர்த்தலாம். முழங்கால் ஐந்து நாட்களில் பழைய நிலைக்கு வந்தது. அந்த ஐந்து நாட்களும் தாளில் குறி விழுந்திருந்தது. எனக்கு அதுவே பெரிய செய்தியாகப் பட்டது.

ஆறாவது வாரத்தில் தோலில் ஒன்று நடந்தது. எலாஸ்டிக் பேண்ட் மாட்டும் இடத்தில், முன்கையில் கோடு போட்டது போல ஒரு புதிய செதில் படை. சொரியாசிஸ் உள்ளவர்களின் தோலில் கீறல், உரசல், காயம் பட்ட இடத்தில் புதிய படை எழலாம். 19ஆம் நூற்றாண்டில் இதை விவரித்த ஜெர்மானியத் தோல் மருத்துவர் ஹைன்ரிஷ் கோப்னரின் பெயரால் கோப்னர் விளைவு என்கிறார்கள். உரசல் பட்ட அன்றே தெரியாது. பெரும்பாலும் ஒன்றரை முதல் மூன்று வாரம் கழித்துத் தெரியும். அதனால் காரணத்தைத் தவறவிடுவது எளிது. பேண்டை நேரடியாகத் தோலில் மாட்டுவதை நிறுத்தி, முழுக்கைப் பருத்திச் சட்டைக்கு மேல் அகலமான துணிப்பட்டையைச் சுற்றி அதன் மேல் மாட்டச் சொன்னோம். வியர்வையோடு இருக்காமல் பயிற்சி முடிந்ததும் குளித்து, உடனே ஈரப்பதக் களிம்பு பூசுவதையும் சேர்த்தோம். தோல் மருத்துவர் கொடுத்த களிம்பில் அந்தக் கோடு மெல்ல மங்கியது, புதிதாக எதுவும் வரவில்லை.

காய்ச்சலும் அதன் பிறகும்

இரண்டாவது மாத இறுதியில் நல்ல காய்ச்சலும் இருமலும் வந்தன. வாதநோய் மருத்துவரை அழைத்தபோது அந்த வார மெத்தோட்ரெக்ஸேட்டை விடச் சொன்னார். காய்ச்சல் இருக்கும்வரை பயிற்சி எதுவும் வேண்டாம் என்றோம். காய்ச்சல் விட்டதும் எதிர்பார்த்தபடி மூட்டுகள் கிளம்பின. விரல், முழங்கால், குதிகால் மூன்றும் ஒன்றாக. விறைப்பு இரண்டு மணி நேரத்தைத் தாண்டியது.

இதே மாதிரி ஒரு கட்டத்தில்தான் முன்பு எல்லாம் நின்றுபோனது. இம்முறை கெட்ட நாள் தாள் தொடர்ந்து ஒன்பது நாட்கள் பயன்பட்டது. இடையில் ஒரு நாள் அழுதுகொண்டே அழைத்தார். “படுத்த இடத்துல காலை ஆட்டுறதெல்லாம் ஒரு எக்சர்சைஸா மேடம்? எல்லாம் போச்சு.” போகவில்லை என்று சும்மா ஆறுதல் சொல்வதைவிட ஒன்றைப் பார்க்கச் சொன்னேன். பழைய தாள்களை எடுத்து, எத்தனை நாட்களில் குறி இல்லை என்று எண்ணிச் சொல்லுங்கள் என்றேன். காய்ச்சல் நாட்களைத் தவிர வெற்றிடம் மிகக் குறைவு. ஐந்து மாதம் எதுவும் செய்யாமல் இருந்ததற்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைத் தசையே காட்டியது. பத்தாவது நாள் நடு நாள் தாளுக்குத் திரும்பினார். அதன் பின் ஒரு வாரத்தில் நாற்காலிப் பயிற்சியில் காய்ச்சலுக்கு முன் இருந்த எண்ணிக்கையை எட்டினார்.

நான்காவது மாதம் விரல் வீக்கம் இன்னும் அடங்காததால் வாதநோய் மருத்துவர் உயிரியல் ஊசி மருந்து (அழற்சியைத் தூண்டும் குறிப்பிட்ட புரதத்தைத் தடுக்கும் மருந்து) ஒன்றைத் தொடங்கினார். எங்கள் தாள்களின் நகலை அவருக்கு அனுப்பியிருந்தோம். எந்த வாரங்களில் எத்தனை கெட்ட நாள் என்று ஒரே பார்வையில் தெரிந்தது அந்த முடிவுக்கு உதவியதாகச் சொன்னார். பயிற்சிக்காக எழுதியது நோயின் ஏற்ற இறக்கப் பதிவாகவும் ஆனது.

ஆறு மாத முடிவில்

காலை விறைப்பு அரை மணி நேரத்துக்குள் வந்தது. 30 விநாடிச் சோதனையில் 13 முறை. எடை 75 கிலோ. சமதளத்தில் இரண்டு கால்களாலும் குதிகாலை உயர்த்தி இறக்குவது வலியில்லாமல் முடிகிறது. கைப்பிடியைப் பிடித்து மாடி ஏறுகிறார். வாரத்துக்கு 100 முதல் 120 நிமிடங்கள் நடக்கிறார், 150ஐ இன்னும் எட்டவில்லை. மோதிர விரல் முழுதாக மடங்கவில்லை. களைப்பு குறைந்திருக்கிறது, ஆனால் போய்விடவில்லை.

இதில் எது மருந்தால், எது பயிற்சியால் என்று பிரிப்பதில் கவனம் வேண்டும். விறைப்பு குறைந்ததில் பெரும் பங்கு புதிய ஊசி மருந்துக்கு இருக்கலாம். அது தொடங்கிய பிறகுதான் வேகமாகக் குறைந்தது. நாற்காலிச் சோதனை எண்ணிக்கை அதற்கு முன்பே 8லிருந்து 11க்கு வந்துவிட்டது. எனவே கால் வலுவைப் பயிற்சியின் கணக்கில் வைப்பதில் எனக்குத் தயக்கமில்லை. எடை குறைந்ததன் பலன் இரண்டு பக்கமும் சேரும். முழங்கால் தேய்மானம் உள்ளவர்களிடம் 2005ல் வெளிவந்த ஓர் ஆய்வு, ஒரு கிலோ எடை குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் சுமை நான்கு கிலோ அளவு குறைகிறது என்று காட்டியது. சொரியாசிஸ் மூட்டுவாதத்தில் அதிக எடை உள்ளவர்கள் 5 சதவீதம் குறைத்தாலே உயிரியல் மருந்துக்கு உடல் நன்றாக இசைகிறது என்று 2014ல் ஓர் இத்தாலிய ஆய்வு சொன்னது. இவர் குறைத்தது ஏறக்குறைய அந்த 5 சதவீதம்.

இனி இப்படி வருபவர்களுக்கு

இந்த நிகழ்வுக்குப் பிறகு எங்கள் வழக்கத்தில் சில மாறிவிட்டன. முதல் சந்திப்பிலேயே “இதுவரை என்ன செய்து பார்த்தீர்கள்? எந்த நேரத்தில்? செய்து காட்டுங்கள்” என்று கேட்கிறோம். கைபேசி வீடியோ பார்க்காமல் வருபவர் இன்று அரிது. அதில் எந்த அசைவு கேடு செய்தது என்று கண்டுபிடித்தால் மற்றவற்றை அச்சமின்றித் தொடரலாம்.

நல்ல நாளின் உச்ச எண் இப்போது முதல் தாளிலேயே இருக்கிறது. பட்டை, பேண்ட், எடைக்கட்டு, விரிப்பு என்று தோலில் படும் ஒவ்வொரு பொருளையும் முன்கூட்டியே பார்க்கிறோம், மூன்றாவது வாரத்தில் அந்த இடங்களைத் திரும்பப் பார்க்கிறோம். வீட்டில் உடனிருப்பவரை முதல் நாளே அழைக்கிறோம். காய்ச்சல் வந்தால் மருந்தை என்ன செய்வது என்பதை நோயாளி முன்பே மருத்துவரிடம் கேட்டு எழுதி வைத்திருக்க வேண்டும் என்றும் சொல்கிறோம். ஆறு மாதத்தில் ஒருமுறையாவது காய்ச்சல் வரத்தான் செய்யும்.

வீங்கிய விரலுக்குத் தனியாகக் கைப்பயிற்சி எப்போது தொடங்குவது என்பதில் இன்னும் எனக்குத் திருப்தி இல்லை. வீக்கம் அடங்கக் காத்திருந்ததில் மடங்கும் அளவு கொஞ்சம் போய்விட்டது. அடுத்தவருக்கு, வீக்கம் இருக்கும்போதே வெதுவெதுப்பான நீரில் கையை வைத்து, எதிர்ப்பே இல்லாத மென்மையான மடக்கலைத் தினமும் இரண்டு முறை சேர்க்கப் போகிறேன். கைக்கென்று தனிப்பயிற்சி பெற்ற ஆக்குபேஷனல் தெரபிஸ்டின் கருத்தையும் முதல் மாதத்திலேயே கேட்க வேண்டும்.

இப்போது அவர் பெரும்பாலும் நல்ல நாள் தாளில் இருக்கிறார். வலது காலை மட்டும் ஊன்றிக் குதிகாலை உயர்த்தும் பயிற்சி இந்த வாரம் தொடங்கியிருக்கிறது, சமதளத்தில்தான். படிக்கட்டின் விளிம்புக்கு இன்னும் அனுமதி இல்லை. அடுத்த மருத்துவச் சந்திப்பில் குதிகாலை அல்ட்ராசவுண்டில் பார்த்து, ஒட்டுமிடத்தில் அழற்சி மிச்சம் இருக்கிறதா என்று தெரிந்த பிறகு அதைப் பற்றி முடிவெடுப்போம்.